பொலி டனல் கூரை யன்னலுக்கு லீனியர் அக்சுவேற்றர்: பாதி வழியில் திசை மாற்றினால் நானோ ரீசெட் ஆகிறது, சேர்கிட்டை எப்படி அமைப்பது?

நீர்வேலிச் செம்மண்:

எல்லோருக்கும் வணக்கம். நீர்வேலியில் எங்கள் வாழைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் அப்பா ஒரு பொலி டனல் (பொலித்தீன் கூடாரம்) போட்டிருக்கிறார், உள்ளே சலாட் வெள்ளரியும் குடைமிளகாயும் நிற்கின்றன. காலை பத்து மணிக்குப் பிறகு உள்ளே வெக்கை ஏறிவிடும். அப்பா ஏணி வைத்து ஏறிக் கூரை யன்னலைத் தடி கொடுத்துத் திறப்பார், பின்னேரம் திரும்ப ஏறி மூடுவார், இடையில் மழை வந்தால் ஓட்டம்தான். இந்த வயதில் அவர் ஏணி ஏறுவதை நிற்பாட்ட வேண்டும், அதுதான் என் நோக்கம்.

யன்னல் 3 மீற்றர் நீளம், 80 சென்ரிமீற்றர் அகலம், மேல் விளிம்பில் பிணைச்சல். அதற்கு ஒரு 12 வோல்ட் லீனியர் அக்சுவேற்றர், அதாவது மோட்டரால் ஒரு தண்டை நேரே வெளியே தள்ளி உள்ளே இழுக்கும் சாமான், வாங்கிப் பூட்டியிருக்கிறேன்: 300 மில்லிமீற்றர் ஓட்டம், 1000 நியூட்டன், செக்கனுக்கு 10 மில்லிமீற்றர் வேகம், முழுச் சுமையில் 4 அம்பியர் என்று லேபிளில் இருக்கிறது. இரண்டு வயர் மட்டும்தான் வெளியே வருகிறது, பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்தால் திசை மாறும். இரண்டு அந்தத்திலும் தானாகவே நிற்கிறது, உள்ளுக்குள் லிமிட் சுவிச் இருக்க வேண்டும். தண்டை நடுவில் நிற்பாட்டி வைத்து அளந்தால் மல்டிமீற்றர் 1.2 ஓம் காட்டுகிறது.

கொன்ட்ரோலர் ஆர்டுயினோ நானோ. வெப்பநிலைக்கு டிஎஸ்18பி20 சென்சர். திசை மாற்ற இரண்டு சனல் 5 வோல்ட் ரிலே மொட்யூல். பற்றரியும் சோலார் பனலும் மோட்டர்க் கொட்டிலில் இருக்கின்றன, அங்கிருந்து டனலுக்கு 15 மீற்றர் தூரம், 1 சதுர மில்லிமீற்றர் வயர் இழுத்திருக்கிறேன். அந்த ஒரே வயரில்தான் மோட்டரும் நானோவின் வின் பின்னும் (அதற்குச் சப்ளை கொடுக்கும் முனை) ஓடுகின்றன.

மேசையில் எல்லாம் திறமாக வேலை செய்தது. தோட்டத்தில் மூடியிருந்து முழுதாகத் திறப்பதும் திறந்திருந்து முழுதாக மூடுவதும் சரி. ஆனால் திறந்துகொண்டிருக்கும்போதே வெக்கை இறங்கி, கோட் உடனே மூடச் சொன்னால், டக் என்று ஒரு சத்தம், நானோ ரீசெட், யன்னல் பாதியில் நிற்கிறது. ரிலேயை விட்டுவிட்டு எல்298என் மோட்டர் டிரைவர் சிப் போட்டால் சரிவருமா? மோட்டருக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோட் போடச் சொல்லி ஒருவர் சொன்னார், அதுவும் சரியா? ரிலே இரண்டும் தவறுதலாக ஒன்றாக இழுத்தால் பற்றரி ஷோர்ட் ஆகுமா என்ற பயமும் இருக்கிறது. மாரி தொடங்க முன் இதை நம்பிக்கையாக ஓட வைக்க வேண்டும்.

பருத்தித்துறை ரேடியோ:

தம்பி, நீர் அளவுகளை வடிவாக எழுதியிருக்கிறீர், அதனால் ஊகிக்கத் தேவையில்லாமல் கணக்காகவே பார்க்கலாம்.

15 மீற்றர் போக, 15 மீற்றர் வர, மொத்தம் 30 மீற்றர் செம்பு. 1 சதுர மில்லிமீற்றர் வயருக்கு மீற்றருக்கு 0.0175 ஓம் வைத்தால் 0.52 ஓம் வருகிறது. மோட்டர்ச் சுருள் 1.2. ஆக மொத்தம் 1.7 ஓமுக்குக் கிட்ட. நின்ற மோட்டருக்கு 12 வோல்ட் கொடுக்கும் அந்தக் கணத்தில் அது வெறும் ரெசிஸ்டர்தான், 7 அம்பியர் இழுக்கும், வயரில் மூன்றரை வோல்ட்டுக்கு மேல் விழும், உமது பெட்டியில் எட்டுச் சொச்சம் மிஞ்சும். நானோவின் வின் பின்னுக்கு 7 வோல்ட் இருந்தால் போதும், அதனால்தான் சாதாரணமாகத் தொடங்கும்போது தப்பிவிடுகிறது.

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் மோட்டரை எடுத்துக்கொள்ளும். அது சுழல்வதால் தானே ஒரு வோல்ட்டேஜை உண்டாக்குகிறது, பற்றரிக்கு எதிராக, ஏறத்தாழ 10 வோல்ட் என்று வைப்போம். அந்த எதிர் வோல்ட்டேஜ்தான் ஓட்டத்தில் கரண்ட்டைக் குறைத்து வைத்திருக்கிறது. நீர் நிற்பாட்டாமல் முனைகளை மாற்றியதும் எதிராக இருந்தது பற்றரியோடு சேர்ந்துகொள்கிறது: 12 உம் 10 உம் 22 வோல்ட், 1.7 ஓம், கிட்டத்தட்ட 13 அம்பியர். வயரில் மட்டும் ஆறரை வோல்ட்டுக்கு மேல் போய்விடும். பெட்டியில் ஐந்து வோல்ட் அளவில்தான் மிஞ்சும், ரெகுலேற்றரைத் தாண்டி வர அதிலும் ஒரு வோல்ட்டோ கூடவோ குறையும். 16 மெகாஹேர்ட்ஸில் ஓடும் அந்தச் சிப்புக்குக் குறைந்தது 3.8 வோல்ட் அளவு வேண்டும், அதற்குக் கீழே அது என்ன செய்யும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. உமது ரீசெட் இதுதான். டக் என்ற சத்தம் ரிலே முனையில் பொறி பறப்பது.

அதனால் முதல் வேலை, திசை மாற்ற முன் மோட்டரை முழுதாக நிற்பாட்டுவது. ரிலே இரண்டையும் ஓஃப் பண்ணிவிட்டு அரை செக்கன் பொறும், பிறகு மற்றதை இழும். கோட்டில் திசை மாற்றும் வேலை ஒரே ஒரு ஃபங்ஷனுக்குள்தான் நடக்க வேண்டும், அந்த அரை செக்கனைத் தாண்டி யாரும் ரிலேயைத் தொடக்கூடாது என்று எழுதும்.

ரிலே வயரிங்கை இப்படிப் போடும். இரண்டு ரிலேயின் பொது முனைகளும் மோட்டரின் இரண்டு வயருக்கு. என்சி முனை (ரிலே இழுக்காதபோது பொது முனையோடு தொடுவது) இரண்டும் மைனஸுக்கு. என்ஓ முனை (இழுக்கும்போது தொடுவது) இரண்டும் பிளஸுக்கு. ஒன்று இழுத்தால் திறக்கும், மற்றது இழுத்தால் மூடும். இரண்டும் விட்டிருந்தால் மோட்டரின் இரண்டு முனையும் மைனஸில் ஒன்றாகச் சேர்ந்திருக்கும், சுழலும் மோட்டரைத் தன் சொந்தக் கரண்ட்டே பிடித்து நிற்பாட்டும், பிரேக் இலவசம். இரண்டும் ஒன்றாக இழுத்தால் இரண்டு முனையும் பிளஸில், அதுவும் பிரேக்தான். பற்றரியை ஷோர்ட் பண்ணும் சேர்க்கை இதில் இல்லவே இல்லை, கோட் என்ன பிழை செய்தாலும் சரி. இந்த ஒரு குணத்துக்காகவே எனக்கு இந்த அமைப்பில் பெரிய மதிப்பு.

1என்4007 கதையை விட்டுவிடும். ஒரே திசையில் ஓடும் மோட்டருக்குத்தான் அது. திசை மாறும் மோட்டருக்குக் குறுக்கே ஒற்றை டயோட் போட்டால் ஒரு திசையில் அது நேரே ஷோர்ட், டயோட் வெடிக்கும் அல்லது ரிலே முனை ஒட்டும். உமக்கு வேண்டியது இரண்டு பக்கமும் வேலை செய்யும் டிவிஎஸ், அதாவது வோல்ட்டேஜ் ஓர் அளவைத் தாண்டினால் மட்டும் கடத்தி அதை அடக்கும் டயோட். 1.5கேஈ18சிஏ போடும், அது 15.3 வோல்ட் வரை சும்மா இருக்கும், சோலார் சார்ஜ் ஏறி 14.4 வந்தாலும் தொடாது, ரிலே முனை ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவும் இடைவெளியில் சுருள் எறியும் உதையை மட்டும் விழுங்கும். கூடவே 0.1 மைக்ரோஃபரட் செராமிக் கப்பாசிற்றர் ஒன்று மோட்டர் வயர் முனைகளுக்குக் குறுக்கே.

கடைசியாகச் சப்ளை. வயரை 2.5 சதுர மில்லிமீற்றர் ஆக்கும், 0.52 ஓம் 0.21 ஆகும். நானோவுக்குத் தனிப் பாதை எடும்: பிளஸிலிருந்து ஒரு 1என்5819 டயோட், அதன் பின்னால் 25 வோல்ட் 2200 மைக்ரோஃபரட் கப்பாசிற்றர், அதன் பின்னால் வோல்ட்டேஜைக் குறைக்கும் ஒரு பக் கன்வேட்டர், அதிலிருந்து 5 வோல்ட் நேரே நானோவின் 5 வோல்ட் பின்னுக்கு. மோட்டர் இழுக்கும்போது வயரில் வோல்ட்டேஜ் விழுந்தாலும் டயோட் மறித்து நிற்பதால் கப்பாசிற்றர் மோட்டருக்குத் தன் சேமிப்பைக் கொடுக்காது, நானோவுக்குத்தான் கொடுக்கும். நானோவும் சென்சரும் 50 மில்லிஅம்பியர் எடுத்தால் நூறு மில்லிசெக்கன் தாங்குவதற்கு அது தாராளம். ரிலேயை 12 வோல்ட் சுருள் உள்ளதாக மாற்றினால் இன்னும் நல்லது: 5 வோல்ட் ரிலே ஒன்று 70 மில்லிஅம்பியர் கேட்கும், 12 வோல்ட் ரிலே 30 தான், அதையும் கப்பாசிற்றருக்கு முன்னாலிருந்தே எடுக்கலாம்.

அறிவியல்நகர் மூன்றாம் வருடம்:

அண்ணா, நான் கிளிநொச்சியில் பொறியியல் படிக்கிறேன். எல்298என் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். அது பைபோலர் ரான்சிஸ்டர் வைத்த பழைய சிப், ஒரு சனலுக்கு 2 அம்பியர்தான் எல்லை. அந்த 2 அம்பியரிலேயே உள்ளுக்குள் 4.9 வோல்ட் வரை விழலாம் என்று டேற்றாஷீட்டே சொல்கிறது. 12 வோல்ட் கொடுத்தால் மோட்டருக்கு 7 சொச்சம் போகும், மீதி ஹீற்சிங்கில் சூடாகும். 4 அம்பியர் அக்சுவேற்றருக்கு அது பொருத்தமே இல்லை.

ரிலே வேண்டாம் என்றால் பிடிஎஸ்7960 மோட்டர் டிரைவர் சிப் இரண்டு வைத்த மொட்யூல் போடலாம், புறக்கோட்டைக் கடைகளில் கிடைக்கும். உள்ளே மொஸ்பெட், 4 அம்பியரில் விழுவது சில பத்து மில்லிவோல்ட் மட்டும். என் பார்வையில் அதன் உண்மையான நன்மை மெதுவாகத் தொடங்கலாம் என்பது. பிடபிள்யூஎம்மை, அதாவது சப்ளையை வேகமாக வெட்டி வெட்டிக் கொடுக்கும் அளவை, பூச்சியத்திலிருந்து அரை செக்கனில் முழுசுக்கு ஏற்றினால் அந்த 7 அம்பியர் உதையே வராது, வயர், பற்றரி, கியர் எல்லாவற்றுக்கும் நிம்மதி. ஆர்டுயினோவின் வழமையான 490 ஹேர்ட்ஸில் மோட்டர் கீச்சிடும், 9 ஆம், 10 ஆம் பின்களில் இருக்கும் டைமர் 1 ஐ 20 கிலோஹேர்ட்ஸுக்கு மாற்றினால் காதுக்குக் கேட்காது, அந்தச் சிப் 25 வரை தாங்கும்.

ஆனால் ரிலேயோ மொஸ்பெட்டோ, நான் இதைவிட முக்கியமாக நினைப்பது கரண்ட்டை அளப்பது. ரேடியோ ஐயா சொன்னது மோட்டரை எப்படித் திருப்புவது என்பது. எப்போது நிற்பாட்டுவது என்பதையும் கொன்ட்ரோலர் அறிய வேண்டும், இப்போது உங்கள் நானோ கண்ணை மூடிக்கொண்டுதான் ஓட்டுகிறது. ஏசிஎஸ்712 என்ற கரண்ட் சென்சரில் 20 அம்பியர் வகையை மோட்டர் வயர் ஒன்றில் தொடராகப் போடுங்கள். கரண்ட் இல்லாதபோது 2.5 வோல்ட், அம்பியருக்கு 100 மில்லிவோல்ட் ஏறும் அல்லது இறங்கும், நானோ வோல்ட்டேஜை எண்ணாக வாசிக்கும் ஏடிசியில் அது அம்பியருக்கு 20 படி. பிரஷ் மோட்டர் என்பதால் அளவு துள்ளும், ஐம்பது தடவை வாசித்துச் சராசரி எடுங்கள். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் முன், மோட்டர் நிற்கும்போது, பூச்சியப் புள்ளியைப் புதிதாக வாசியுங்கள், ஏனென்றால் அது வெக்கையோடு நகரும்.

பிறகு கரண்ட் உங்களுக்குக் கதை சொல்லும். உங்கள் அக்சுவேற்றர் உள்ளே லிமிட் சுவிச் ஒவ்வொன்றுக்கும் குறுக்கே ஒரு டயோட் இருக்கும். அந்தம் வந்ததும் சுவிச் திறந்து கரண்ட் நின்றுவிடும், எதிர்த் திசைக்கு மட்டும் டயோட் வழி விடும். ஆகவே ரிலே இழுத்திருக்கும்போது கரண்ட் பூச்சியத்துக்கு இறங்கினால் யன்னல் அந்தத்துக்கு வந்துவிட்டது. முதல் அரை செக்கனைக் கணக்கில் எடுக்காமல், அதன் பிறகு 6 அம்பியருக்கு மேல் 0.3 செக்கன் நின்றால் எதிலோ இறுகிவிட்டது, உடனே நிற்பாட்டி ஒரு செக்கன் பின்னுக்கு எடுத்து விளக்கைச் சிமிட்ட வைக்கலாம். 300 மில்லிமீற்றரை 30 செக்கனில் முடிக்கும், 40 செக்கன் தாண்டியும் கரண்ட் போய்க்கொண்டிருந்தால் எங்கோ பிழை, நிற்பாட்டுங்கள். ரிலேயை விட்ட பிறகும் கரண்ட் போனால் முனை ஒட்டிவிட்டது என்று அர்த்தம்.

பருத்தித்துறை ரேடியோ:

தங்கச்சி சொன்ன கரண்ட் அளவை நான் முழுமனதோடு வழிமொழிகிறேன். அந்தக் கடைசி வரிக்கு ஒன்று சேர்க்கிறேன்: நான் சொன்ன ரிலே அமைப்பில் ஒரு முனை பிளஸில் ஒட்டிப்போனால் கொன்ட்ரோலர் மற்ற ரிலேயையும் இழுக்கட்டும். இரண்டு முனையும் பிளஸில் வந்து மோட்டர் நின்றுவிடும். ஒரு ரிலே செத்தபிறகும் மோட்டரை நிற்பாட்ட வழி இருக்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

பிடிஎஸ்7960 நல்ல சாமான், மறுக்கவில்லை. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூரியனைப் பின்தொடரும் சோலார் பனல் என்றால் நானும் அதைத்தான் போடுவேன். யன்னல் ஒரு நாளில் ஒரு சில முறைதான் அசையும், அதற்கு ரிலே முனைகள் பல வருடம் தாங்கும், பழுதானால் டவுனில் எந்தக் கடையிலும் வாங்கி அன்றைக்கே மாற்றலாம். பற்றரியை யாராவது மாறிப் பூட்டினால் மொஸ்பெட் மொட்யூல் அந்த இடத்திலேயே போய்விடும், ரிலேயில் யன்னல் அசையாமல் நிற்பதோடு சரி. அந்த 1என்5819 மறித்து நிற்பதால் நானோவுக்குக் கரண்ட் போகாது, அதுவும் தப்பிவிடும்.

இன்னொன்று: கடையில் வரும் ரிலே மொட்யூல் பெரும்பாலும் பின் லோ ஆனால் இழுக்கும் வகை. நானோ தொடங்கும்போது முதலில் பின்னுக்கு ஹை எழுதிவிட்டுப் பிறகு அதை அவுட்புட் ஆக்கும். மாற்றிச் செய்தால் ஒவ்வொரு முறை கரண்ட் வரும்போதும் ரிலே ஒருமுறை துடிக்கும். வோச்டோக்கையும், அதாவது கோட் எங்காவது சிக்கி நின்றால் நானோவைத் தானாக ரீசெட் பண்ணும் டைமரையும், போட்டு வையும், எட்டு செக்கன் வரை வைக்கலாம். அது உசுப்பிவிட்டதும் கோட் முதலில் செய்ய வேண்டியது யன்னலை முழுதாக மூடுவது.

இணுவில் வெல்டிங்:

எலக்ட்ரோனிக்ஸ் பக்கம் நீங்கள் எல்லோரும் கதைத்துவிட்டீர்கள், நான் இரும்புப் பக்கம் கதைக்கிறேன், ஏனென்றால் அந்தக் கரண்ட் எல்லாம் இங்கிருந்துதான் வருகிறது.

தம்பி, அக்சுவேற்றரின் தலையை யன்னலில் பிணைச்சலிலிருந்து எவ்வளவு தூரத்தில் பூட்டியிருக்கிறீர்? நீர் எழுதவில்லை. யன்னல் முழுதாகத் திறந்தால் எவ்வளவு நிமிருகிறது என்று பாரும். 20 சென்ரிமீற்றரில் பூட்டியிருந்தால் 300 மில்லிமீற்றர் ஓட்டத்துக்கு அது 90 பாகையையும் தாண்டிப் போய், சோளகக் காற்றில் பாய்மரம் மாதிரிக் காற்றைப் பிடிக்கும்.

மணிக்கு 54 கிலோமீற்றர் காற்று என்பது செக்கனுக்கு 15 மீற்றர். அதன் அழுத்தம் சதுர மீற்றருக்கு 135 நியூட்டன் அளவு. உமது யன்னல் 2.4 சதுர மீற்றர், ஆக 320 நியூட்டனுக்குக் கொஞ்சம் மேல், அது யன்னலின் நடுவில், பிணைச்சலிலிருந்து 40 சென்ரிமீற்றரில் தள்ளுகிறது என்று எடுக்கலாம். நீர் 20 இல் பிடித்தால் அக்சுவேற்றருக்கு அது இரண்டு மடங்கு, 650. தண்டு யன்னலுக்குச் செங்குத்தாக இல்லாமல் 45 பாகை சாய்ந்து நின்றால் இன்னும் ஒன்றரை மடங்குக்குக் கிட்ட, 900 தாண்டும். 1000 நியூட்டன் சாமானுக்கு மிச்சமே இல்லை. 40 சென்ரிமீற்றருக்கு மாற்றும். ஓட்டம் அதே 300 தான், யன்னல் 45 பாகை அளவுக்குத் திறக்கும், வெக்கை போக அது காணும், காற்றின் சுமையும் நேர்பாதி ஆகும். நான் பார்த்த அளவில் மோட்டர் எரிவது பெரும்பாலும் சேர்கிட்டால் இல்லை, பிடித்த இடத்தால்.

மற்றது, மூன்று மீற்றர் நீளத்துக்கு நடுவில் ஒரே ஒரு அக்சுவேற்றர் என்றால் யன்னல் சட்டம் முறுகாமல் இருக்க வேண்டும். ஜிஐ குழாய் ஒன்றைக் கீழ் விளிம்பில் முழு நீளத்துக்கும் பிடியும், இல்லாவிட்டால் நடுப்பகுதி மூடியும் இரண்டு மூலைகள் மூடாமலும் நிற்கும், மாரி மழை உள்ளே விழும். இரண்டு பக்கப் பின்களிலும் நட்டை இறுக்கிவிடாதையும், தண்டு தானாகச் சாய இடம் வேண்டும். மோட்டர் இருக்கும் பக்கம் மேலே, தண்டு கீழ்நோக்கி வருகிற மாதிரிப் பூட்ட முடிந்தால் தண்ணீர் சீலுக்குள் இறங்காது. உள்ளே திருகு வகை என்றபடியால் கரண்ட் இல்லாவிட்டாலும் யன்னல் நின்ற இடத்தில் நிற்கும், அதற்குத் தனிப் பூட்டு தேவையில்லை.

அப்பாவுக்கு ஒரு கைச் சுவிச் கட்டாயம் வையும். கொன்ட்ரோலரைக் கேட்காமல் நேரே திறக்க, மூட. மழை இருட்டிக்கொண்டு வரும்போது அவர் போனைத் தேடக்கூடாது.

நீர்வேலிச் செம்மண்:

எல்லோருக்கும் கனக்க நன்றி. அண்ணை, நீங்கள் கணித்தது சரிதான், 20 சென்ரிமீற்றரில்தான் பூட்டியிருந்தது. இப்போது 40 இல் இருக்கிறது. அரை செக்கன் இடைவெளியும் தனி டயோட், கப்பாசிற்றர், பக் கன்வேட்டரும் போட்ட பிறகு பாதி வழியில் எத்தனை முறை திருப்பினாலும் நானோ அசையவில்லை. வயரையும் மாற்றிவிட்டேன். ரிலேயிலேயே இருக்கப் போகிறேன், இரண்டும் இழுத்தாலும் ஷோர்ட் இல்லை என்ற ஒன்றே எனக்குப் போதும். ஏசிஎஸ்712 கொழும்பிலிருந்து வருகிறது.

கோட்டில் வெப்பநிலை 33 பாகை செல்சியஸில் திற, 30 இல் மூடு என்று வைத்திருக்கிறேன். இரண்டு சந்தேகம். காற்று கூடிய நாளில் பாதி மட்டும் திறந்து வைக்க விருப்பம், 15 செக்கன் ஓட்டி நிற்பாட்டினால் போதுமா? கைச் சுவிச்சை ரிலேயோடு எப்படிச் சேர்ப்பது? பற்றரியில் எந்த அளவு பியூஸ் போடுவது என்றும் சொல்லுங்கள்.

அறிவியல்நகர் மூன்றாம் வருடம்:

நேரத்தை வைத்துப் பாதி என்பது பரவாயில்லை, ஆனால் மோட்டர் வேகம் வோல்ட்டேஜோடு ஏறி இறங்கும். விடியற்காலை பற்றரி 11.8 இல் இருக்கும், மத்தியானம் பனல் சார்ஜ் பண்ணும்போது 14.4 இல் நிற்கும், இரண்டுக்கும் இடையில் ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம். அதே 15 செக்கனில் ஒரு நாள் பாதி, ஒரு நாள் பாதிக்கு மேல். பற்றரி வோல்ட்டேஜை இரண்டு ரெசிஸ்டர் வைத்துப் பிரித்து ஏடிசியில் வாசித்து நேரத்தைத் திருத்தினால் யன்னலுக்கு அது காணும். ஆனால் பாதியிலிருந்து பாதிக்கு மாறிக்கொண்டே இருந்தால் பிழை சேர்ந்துகொண்டு போகும், ஆகவே எந்த இடைநிலைக்குப் போவதென்றாலும் முதலில் முழுதாக மூடி, கரண்ட் பூச்சியம் ஆனதைப் பார்த்து, அங்கிருந்து எண்ணத் தொடங்குங்கள். சரியான இடம்தான் வேண்டும் என்றால் 10 கிலோஓம் பொட்டென்ஷியோமீற்றர் ஒன்றைப் பிணைச்சல் அச்சில் பூட்டி நேரே கோணத்தை வாசிக்கலாம், தண்ணீர் படாமல் மூட வேண்டியிருக்கும்.

33க்கும் 30க்கும் இடையில் மூன்று பாகை இடைவெளி வைத்தது நல்லது. அதோடு ஒருமுறை அசைந்த பிறகு பத்து நிமிடத்துக்கு அசையாதே என்ற நிபந்தனையும் சேருங்கள், மழை சென்சர் வைத்தால் அதற்கு மட்டும் விலக்கு. இந்த வகை அக்சுவேற்றர்கள் ஓய்வில்லாமல் ஓடச் செய்தவை அல்ல, பலவற்றில் 25 சதவீதம்தான் ஓட்ட நேரம், அதாவது 30 செக்கன் ஓடினால் 90 செக்கன் ஆற வேண்டும். முகில் வந்து போகிற நாளில் கோட் திறந்து மூடித் திறந்து மோட்டரைக் கொதிக்க வைக்கக்கூடாது. சென்சரில் நேரே வெயில் படாமல் ஒரு வெள்ளை மறைப்பும் போடுங்கள்.

பருத்தித்துறை ரேடியோ:

கைச் சுவிச்சுக்கு இரண்டு வேண்டும். முதலாவது, தானா கையா என்று தெரிவு செய்வது, இரண்டு ‘போல்’ உள்ள, அதாவது இரண்டு வயரை ஒன்றாக மாற்றும், இருவழிச் சுவிச். அதன் பொது முனைகள் இரண்டும் மோட்டருக்கு, ஒரு பக்கம் ரிலேயிலிருந்து வரும் வயர்கள், மறுபக்கம் இரண்டாவது சுவிச்சிலிருந்து வரும் வயர்கள். இரண்டாவது நடுவில் ஓஃப் உள்ள இருபோல் சுவிச், கையை விட்டால் தானாக நடுவுக்கு வருவது, அதன் குறுக்கு வயரிங்கில் திசை மாறும். இப்படிச் செய்தால் ரிலேயும் கையும் ஒரே நேரத்தில் மோட்டரில் மோத வழியில்லை. டிவிஎஸ் மோட்டர்ப் பக்கமே இருக்கட்டும், இரண்டுக்கும் அது காவல். தெரிவுச் சுவிச் 10 அம்பியருக்குக் குறையாமல், நேர் மின்னோட்ட அளவு எழுதியதாகப் பார்த்து வாங்கும். 250 வோல்ட் ஏசி என்று மட்டும் எழுதிய சுவிச் டிசியில் அந்தளவு அறுக்காது.

பியூஸ் 10 அம்பியர், வாகனத்துக்குப் போடும் பிளேட் வகை. 2.5 வயரில் மோட்டர் இறுகி நின்றாலே எட்டரை அம்பியர்தான் வரும், 10 அம்பியர் பியூஸ் அதற்கு ஒருபோதும் எரியாது, 7.5 போட்டாலும் உடனே எரியாது. அதனால் மோட்டரைக் காப்பது பியூஸ் என்று நினைத்திருக்க வேண்டாம், அது கரண்ட் சென்சரின் வேலை. பியூஸ் காப்பது அந்த 15 மீற்றர் வயரை: மண்வெட்டி பட்டு வயர் ஷோர்ட் ஆனால் பற்றரி நூற்றுக்கு மேல் அம்பியர் கொடுக்கப் பார்க்கும். ஆகவே பியூஸ் டனல் பெட்டிக்குள் இல்லை, மோட்டர்க் கொட்டிலில், பற்றரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள்.